சேதாரம், செய்கூலி, கோட்டின் நீளம்: லேசர் வெட்டுக் கொட்டேஷனின் கதை

நகைக்கடை பில்லைக் கவனித்திருப்பீர்கள். தங்கத்தின் எடைக்கு ஒரு வரி, சேதாரத்துக்கு ஒரு வரி, செய்கூலிக்கு ஒரு வரி. நம்ம வீட்டுப் பெண்கள் கடையில் உட்கார்ந்து பேரம் பேசுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வரியில்தான். பொருளுக்கு எவ்வளவு, வீணாவதற்கு எவ்வளவு, கைவேலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு ரொம்ப நாளாக இருக்கிறது.

இப்போது ஒரு இரும்புத் தகட்டை லேசரில் வெட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வெட்டிக் கொடுக்கும் நிறுவனங்களின் தளத்துக்குப் போய் டிராயிங் ஃபைலை ஏற்றுகிறோம். என்ன உலோகம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை பீஸ் என்று தேர்வு செய்கிறோம். சில விநாடிகளில் ஒரு தொகை வந்து நிற்கிறது. மூன்று வரி கிடையாது, ஒரே ஒரு எண்.

தென்காசி, குற்றாலம் பக்கம் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். புதுசாகக் கட்டும் வீடுகளின் கேட், பூஜை அறைக் கதவு, மாடிப்படிக் கைப்பிடித் தடுப்பு, விடுதிகளின் பெயர்ப் பலகை என்று எங்கே பார்த்தாலும் வெட்டுத் தகடு வந்துவிட்டது. இன்ஜினியரிங் மாணவர்களுக்கு புராஜெக்ட்டுக்குத் தகடு வேண்டும். மத்தளம்பாறையில் சோஹோ வந்த பிறகு கணினியில் டிராயிங் போடத் தெரிந்த ஆட்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. முன்பு இந்த மாதிரி வேலை என்றால் பென்டிரைவோடு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். இப்போது வீட்டிலிருந்தே விலை தெரிகிறது, கூரியரில் தகடு வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது, அது வந்தபோது நடுவிலிருந்து காணாமல் போனது யார் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

எடைக்கு விலை, கோட்டுக்கு விலை

பாத்திரக் கடையில் பித்தளைக் குடத்தை நிறுத்து விலை சொல்வார்கள். கம்பி, ஆங்கிள் எல்லாம் கிலோ கணக்கு. அதனால் உலோகம் என்றாலே எடைதான் விலை என்று மனதில் பதிந்திருக்கிறது. லேசர் வெட்டில் இந்தக் கணக்கு தலைகீழ்.

ஒரு உதாரணம். 300 மில்லிமீட்டர் நீளம், 200 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் தடிமன் உள்ள சாதா இரும்புத் தகடு. மூலைக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் ஓட்டை நான்கு. வெளிச்சுற்று 1,000 மில்லிமீட்டர். ஓட்டை ஒன்றின் சுற்றளவு 18.85 மில்லிமீட்டர், நான்குக்கும் சேர்த்து 75. ஆக லேசர் நடக்க வேண்டிய தூரம் 1,075 மில்லிமீட்டர். வெளிக்கோட்டுக்கு ஒரு தடவை, ஓட்டைகளுக்கு நான்கு தடவை என்று ஐந்து தடவை தகட்டைத் துளைத்து இறங்க வேண்டும்.

இப்போது அதே அளவுத் தகட்டில், மூலை ஓட்டை நான்கையும் எடுத்துவிட்டு, ஜன்னல் ஜாலி மாதிரி 6 மில்லிமீட்டர் ஓட்டை 200 போடுங்கள். வெட்டு நீளம் 4,770 மில்லிமீட்டர். துளைத்து இறங்குவது 201 தடவை. தகட்டின் எடையோ, முழுத் தகடாக இருந்தால் வரும் 942 கிராமிலிருந்து சுமார் 89 கிராம் குறைந்திருக்கும். எடைக்கு விலை என்றால் ஜாலி மலிவாக இருக்க வேண்டும். ஆனால் மெஷின் நேரம் நான்கு மடங்குக்கு மேல். ஆகவே கூடுதல் விலை.

விலைக்கணக்கு போடும் மென்பொருள் பார்ப்பது முக்கியமாக மூன்று. ஒன்று, இந்தத் துண்டு எட்டுக்கு நாலு ஷீட்டில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது. இரண்டு, பக்கத்தில் வேறு துண்டுகளை நெருக்கி வைத்தபின் எவ்வளவு ஸ்கிராப்பாகப் போகிறது என்பது. மூன்று, கோட்டின் நீளம், துளைகளின் எண்ணிக்கை, தடிமனுக்கேற்ற வேகம் ஆகியவற்றிலிருந்து வரும் மெஷின் நேரம். முதலாவது பொருள், இரண்டாவது சேதாரம், மூன்றாவது செய்கூலி. நகைக்கடையில் இருக்கும் அதே மூன்றுதான், பில்லில் மட்டும் பிரித்துக் காட்டுவதில்லை.

கோடு எப்படி உளி ஆனது

கோட்டுக்குக் கூலி என்ற நிலை வர, முதலில் கோட்டை மெஷின் படிக்க வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் எம்ஐடியில், ஓட்டை போட்ட காகித நாடா சொல்கிறபடி நகரும் மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள். ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்த ஜான் பார்சன்ஸ் கிளப்பிய யோசனை அது. வளைவை ஆளின் கை தீர்மானிக்காமல் எண்களின் வரிசை தீர்மானிக்கலாம் என்பது அன்று உறுதியானது.

1960 மே மாதம் தியோடர் மைமன் ரூபி கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரவைத்தார். ஆனால் பட்டறைக்கு உதவிய லேசரைத் தந்தவர் நம்ம நாட்டில் பிறந்தவர். மகாராஷ்டிராவின் பாராமதியில் 1938-இல் பிறந்து, புனே இன்ஜினியரிங் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன குமார் படேல். பெல் ஆய்வகத்தில் 1964-இல் கார்பன் டை ஆக்சைடு வாயுவைக் கொண்டு அவர் உருவாக்கிய லேசர்தான் இன்றைக்கும் அக்ரிலிக், மரப்பலகை, அட்டை வெட்டும் மெஷின்களில் இருக்கிறது.

வெறும் ஒளியால் இரும்பை நறுக்க முடியவில்லை. 1967 மே மாதம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே, பிரிட்டிஷ் வெல்டிங் ஆராய்ச்சி சங்கத்தின் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட், லேசர் விழும் இடத்தில் ஆக்சிஜனையும் சேர்த்து ஊதி 1 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வெட்டினார். நம்மூர் வெல்டிங் பட்டறையில் கேஸ் கட்டிங் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சூடாக்குவது ஒன்று, எரித்துத் தள்ளுவது ஆக்சிஜன். பிறகு வந்த ஃபைபர் லேசர் உலோகத் தகடு வெட்டில் பெரும்பங்கைப் பிடித்துக்கொண்டது. அதன் ஒளி அலைநீளம் சுமார் 1 மைக்ரான், கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு 10.6 மைக்ரான். உலோகம் சின்ன அலைநீளத்தை நன்றாக உறிஞ்சும். தெளிவான அக்ரிலிக்கோ அதை அப்படியே கடந்துபோக விட்டுவிடும். தளத்தில் பொருளை மாற்றினால் விலை குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம், மெஷினே வேறு.

அளவு இல்லாத ஃபைல்

மெஷின் தயார். கோட்டை அதற்கு எப்படி அனுப்புவது? 1982 டிசம்பரில் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேடை வெளியிட்டபோது, மற்ற மென்பொருள்களோடு டிராயிங்கைப் பரிமாறிக்கொள்ள டிஎக்ஸ்எஃப் என்ற ஃபைல் வகையையும் கொடுத்தது. நாற்பது வருஷம் தாண்டியும் வெட்டுப் பட்டறைகள் முதலில் கேட்பது அதைத்தான்.

இந்த ஃபைலுக்குள் ஒரு வினோதம். கோடு 0-வில் தொடங்கி 300-இல் முடிகிறது என்று இருக்கும். 300 என்ன? மில்லிமீட்டரா, அங்குலமா? அதைச் சொல்ல ஒரு இடம் பின்னால் வந்தது. ஆனால் எல்லா மென்பொருளும் அதை நிரப்புவதில்லை, எல்லாத் தளமும் அதை மதிப்பதுமில்லை. அங்குலக் கணக்கில் 12-க்கு 8 என்று வரைந்ததைத் தளம் மில்லிமீட்டர் என்று படித்தால், கேட்டில் மாட்ட நினைத்த பலகை சட்டைப் பொத்தான் அளவுக்கு வரும். நீளத்தில் 25.4 மடங்கு வித்தியாசம், பரப்பில் 645 மடங்கு. விலை எதிர்பாராமல் மலிவாக வந்தால் சந்தோஷப்படாமல் அளவைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

எஸ்விஜி ஃபைலில் இன்னும் நுட்பமான தொல்லை உண்டு. ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கணக்கு வைத்து ஒரு மென்பொருள் எழுதியதை, 96 புள்ளி என்று வைத்து இன்னொன்று படித்தால், 300 மில்லிமீட்டர் 225 ஆகிவிடும். பொத்தான் அளவு என்றால் கண்ணுக்குத் தெரியும். முக்கால் அளவு கண்ணை ஏமாற்றிவிடும்.

அளவு இல்லாத வரைவு நமக்குப் புதிதல்ல. சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையில் ஒரு நறுக்கு எடுத்து, அதை மடித்து மடித்து முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று குறித்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று பெயர். அதில் அங்குலமும் கிடையாது, சென்டிமீட்டரும் கிடையாது, விகிதம் மட்டும்தான். ஆனால் ஓலையே சிலையின் உயரம் என்பதால் குழப்பம் வராது. அளவும் வரைவும் ஒரே பொருளில் இருக்கின்றன.

நிலம் அளக்கும்போது அப்படி முடியாதே. ஊருக்கு ஊர் கோல் மாறும். அதனால்தான் கல்வெட்டுகளில் பதினாறு சாண் கோல் என்பது போல எந்தக் கோலால் அளந்தது என்றும் சேர்த்து எழுதினார்கள். பல கோயில்களில் கோலின் நீளத்தையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் யாரும் போய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அலகைப் பொதுவில் நிறுத்தாமல் வெறும் எண்ணை மட்டும் அனுப்பினால் தகராறு வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கொட்டேஷன் கணினிக்குப் போனது

1999-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் லாரி லூகிஸ் புரோட்டோமோல்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பிளாஸ்டிக் வார்ப்புக்கு அச்சு செய்யும் தொழில். ஆள் உட்கார்ந்து நாள் கணக்கில் போடும் எஸ்டிமேட்டை மென்பொருளே போட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. இன்று அது புரோட்டோலேப்ஸ். 2007-இல் நியூசிலாந்தின் வெலிங்டனிலிருந்து பொனோகோ வந்தது. வீட்டில் வரைந்ததை ஏற்றினால் லேசரில் வெட்டி அனுப்பும் சேவை, தனி ஆளுக்கும் கதவு திறந்தது. 2018-இல் அமெரிக்காவில் தொடங்கிய சென்ட்கட்சென்ட் உலோகத் தகட்டிலும் ஒற்றைப் பீஸ் ஆர்டரைச் சாதாரணமாக்கியது. இந்தியாவிலும் இப்போது இதே முறையில் ஃபைலை வாங்கி விலை சொல்லும் தளங்கள் இருக்கின்றன.

நம்ம நாட்டில் இதற்கு முன்பே வேறு ஒரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. புனே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் உள்ள விக்யான் ஆசிரமத்தில், எம்ஐடியின் நீல் கெர்ஷன்ஃபெல்டு குழுவின் ஒத்துழைப்போடு 2002-இல் ஒரு ஃபேப் லேப் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே தொடங்கிய முதல் ஃபேப் லேப்களில் ஒன்று. டிராயிங்கை நகரத்துக்கு அனுப்புவதற்குப் பதிலாக மெஷினையே கிராமத்துக்குக் கொண்டுவரும் யோசனை. அங்கே வரைகிறவரும் மெஷின் பக்கத்திலேயே நிற்பார். தப்பாக வந்தால் உடனே தெரியும், காரணமும் தெரியும். இணையக் கொட்டேஷனில் இந்தப் பக்கத்து நிற்பு இல்லை.

புள்ளி விழுந்துவிடும்

பட்டறையில் டிராயிங் வாங்குகிறவர் விலை மட்டும் சொல்லமாட்டார், கேள்வியும் கேட்பார். "பதினாறு கேஜா, பதினெட்டா?" என்பார். பதினாறு என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், பதினெட்டு என்றால் சுமார் 1.2. "வெளியில மாட்டுறதா? அருவிப் பக்கம்னா துரு பிடிக்குமே, எஸ்எஸ்ல போட்டுரலாமா?" என்பார். "இந்த ஓட்டை தகட்டோட தடிமனைவிட சின்னதா இருக்கே, சுத்தமா வராதுங்க" என்பார். இந்தக் கேள்விகளுக்கு அவர் தனியாகக் காசு வாங்குவதில்லை.

தமிழ் எழுத்து வெட்டும்போது இந்தக் கேள்விகளின் அருமை தெரியும். தகட்டில் எழுத்தை ஓட்டையாக வெட்டினால், 'க', 'த' போன்ற எழுத்துகளில் கோடு சூழ்ந்து நிற்கும் உள்பகுதி பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். கோலம் போடும் தகரத் தட்டில் ஏன் முழுக்கோடு இல்லாமல் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று யோசித்தால் விஷயம் விளங்கும். முழு வட்டம் வெட்டினால் நடுப்பகுதி கையோடு வந்துவிடும். அதனால் எழுத்தில் அங்கங்கே சின்னப் பாலம் விட வேண்டும்.

மாறாக எழுத்தையே தனித் துண்டாக வெட்டி ஒட்டுவது என்றால் புள்ளி பிரச்சினை. 'தென்காசி'யில் 'ன்' மேலே இருக்கும் புள்ளி ஒரு தனித் துண்டு. அது தவறினால் பலகையில் 'தெனகாசி' இருக்கும். 'குற்றாலம்' என்றால் இரண்டு புள்ளி. கல்வெட்டுகளிலும் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எழுத்தாணியால் அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பதை அதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அன்றைக்கு ஓலை, இன்றைக்குத் தகடு. எழுதும் பொருள் ஒத்துழைக்காவிட்டால் முதலில் அடிவாங்குவது புள்ளிதான். ஆங்கில எழுத்தில் 'i' மேலே உள்ள புள்ளிக்கும் இதே கதி. ஆனால் நமக்குப் புள்ளி போனால் உச்சரிப்பே போய்விடும்.

எழுத்துரு தொல்லையும் உண்டு. 1999 தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது, 2010-இல் யூனிகோடுக்கு வந்தது. பெயர்ப் பலகைத் தொழிலோ பழைய எழுத்துருக்களை முழுவதும் விடவில்லை. நம் கணினியில் 'ஐந்தருவி' என்று தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பட்டறைக்காரர் "கர்வ் பண்ணி அனுப்புங்க" என்று முதல் போனிலேயே சொல்லிவிடுவார். அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோடுகளாக மாற்றிவிடு என்று அர்த்தம். தளமும் எழுத்து இருந்தால் எச்சரிக்கலாம், ஆனால் கோடாக மாறிய பிறகு அது தமிழா, பிழையா என்று அதற்குத் தெரியாது. அது கோட்டின் நீளத்தைத்தான் அளக்கும். பிழையான எழுத்துக்கும் சரியான எழுத்துக்கும் ஒரே கூலி.

குறை திருத்துகிறவர்

தென்காசி காசி விசுவநாதர் கோயிலை 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய பராக்கிரம பாண்டியன், அங்கே பாடலாகவே கல்வெட்டு வைத்திருக்கிறான். அவற்றில் ஒன்றின் பொருள் இது: இந்தக் கோயிலுக்கு என்றாவது ஒரு குறை நேர்ந்தால், அதை அப்போது வந்து சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன். கட்டி முடித்ததோடு வேலை முடியவில்லை, திருத்த ஒருவர் வேண்டும் என்று கட்டியவனே சொல்லியிருக்கிறான். நெடுநாள் சிதைந்து நின்ற அதன் ராஜகோபுரம் எடுத்துக் கட்டப்பட்டு 1990-இல் குடமுழுக்கு கண்டது. அவன் முன்கூட்டியே பணிந்தது அந்தக் கைகளைத்தான்.

இணையக் கொட்டேஷன் வந்ததில் குறைந்தது தூரம், காத்திருப்பு, ஆள் தெரிந்தால்தான் நியாய விலை என்ற நிலை. இவை போனது நல்லது. தென்காசியில் இருக்கிற மாணவிக்கும் கோயம்புத்தூரில் இருக்கிற கம்பெனிக்கும் ஒரே எண் வருகிறது. ஆனால் அதே வீச்சில், குறை திருத்துகிறவரும் நடுவிலிருந்து போய்விட்டார். வரைந்தபடி வெட்டித் தருவதுதான் தளத்தின் வாக்குறுதி. தப்பாக வரைந்தால் தப்பையும் துல்லியமாக வெட்டித் தரும்.

ஆகவே அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏற்றியதும் முதலில் விலையைப் பார்க்காமல், தளம் காட்டும் நீள அகலத்தைப் பாருங்கள். வெட்டு நீளத்தைக் கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபைலில் கோட்டுக்கு மேலேயே இன்னொரு கோடு கிடந்தால் நீளம் இரட்டிப்பாகும், கூலியும் கூடும். கோடுகள் முனைக்கு முனை சேர்ந்து மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள், மூடாத கோட்டை எது உள், எது வெளி என்று மென்பொருளால் பிரிக்க முடியாது. ஃபைலை 1:1 அளவில் காகிதத்தில் அச்செடுத்து, எழுத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிப் பாருங்கள். எது விழுகிறதோ அது தகட்டிலும் விழும்.

நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கலாம். அந்த ஒற்றை எண்ணைப் பொருள், சேதாரம், செய்கூலி என்று பிரித்துக் காட்டுங்கள். கணக்கு ஏற்கெனவே மென்பொருளுக்குள் இருக்கிறது, திரையில் காட்டுவதுதான் பாக்கி. ஜாலியில் ஓட்டையைக் குறைத்தால் மிச்சமா, தகட்டை மெல்லிசாக்கினால் மிச்சமா என்று வாங்குகிறவர் தானே முடிவெடுக்க அது போதும்.

கடைசியாக, உள்ளூர் வெல்டிங் பட்டறை பற்றி. கூரியரில் வரும் தகட்டைக் கேட்டில் பற்றவைக்கப் போகிறவர் அவர்தான். அது கைக்கு வந்த பிறகு அவரிடம் காட்டினால் அவரால் தலையை மட்டும்தான் ஆட்ட முடியும். ஆர்டர் போடுவதற்கு முன்பே அந்த 1:1 காகிதத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பத்து நிமிஷம் பார்த்து இரண்டு கேள்வி கேட்பார். அதற்கும் ஒரு கூலி கொடுங்கள். முன்பு அது பில்லில் தெரியாமல் சேர்ந்திருந்தது. இப்போது தனி வரியாக எழுதித்தான் கொடுக்க வேண்டும்.